பட்டியல் சுருங்கினால் வறுமை சுருங்கியதா? அஸ்வெசும பற்றி ஆய்வு செய்ய நினைக்கும் ஒரு மாணவிக்குப் பதில்

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. நீங்கள் யாழ்ப்பாணத்தில் சமூகவியல் படிக்கும் இறுதியாண்டு மாணவி. வறிய குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் உதவிப்பணம் கொடுக்கும் திட்டங்களில் பழைய சமுர்த்தி போய்ப் புதிய அஸ்வெசும வந்ததால் உங்கள் பிரதேச செயலகத்தில் என்ன மாறியது என்று ஆய்வு செய்ய நினைக்கிறீர்கள். கையில் இருப்பது இரண்டு வருடங்களின் பயனாளிகள் தொகை மட்டும்தான். அமெரிக்காவில் 1996 நலன்புரிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு உதவி பெறும் குடும்பங்கள் பாதிக்கும் கீழே குறைந்ததைச் சிலர் வெற்றி என்று எழுதியதைப் படித்துவிட்டு, இங்கேயும் தொகையை வைத்தே தீர்ப்புச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் கேட்பது தொகையைப் பற்றித்தான் என்றாலும், ஒரு கந்தோர் செய்யும் வேலையை எதைக் கொண்டு அளப்பது என்பதுதான் உங்களுடைய உண்மையான சிக்கல் என்று எனக்குப் படுகிறது.

நான் சமூக சேவை உத்தியோகத்தராக முப்பது வருடத்துக்குக் கிட்ட வேலை செய்தவன். வலிகாமத்திலும் வடமராட்சியிலும் இருந்தேன், தீவுப்பக்கம் வேலை செய்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு சில ஆய்வுக் குழுக்களுக்குக் களமேற்பார்வை பார்த்தேன். புள்ளிவிபரவியல் எனக்குக் கைவந்த கலை அல்ல. ஆகவே கீழே சொல்வதில் கணக்கு நுணுக்கங்களை உங்கள் விரிவுரையாளரிடம் உரசிப் பார்த்துக்கொள்ளுங்கள். கந்தோர் எப்படி இயங்கும் என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுதி உண்டு.

முதலில் அமெரிக்கக் கதை, ஏனென்றால் நீங்கள் அதைத்தான் அளவுகோலாக எடுத்திருக்கிறீர்கள். 1996 ஓகஸ்ட் 22 இல் ஜனாதிபதி கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் பழைய குடும்ப உதவித் திட்டத்தை எடுத்துவிட்டது. தகுதி இருந்தால் உதவி கிடைத்தே ஆகவேண்டும் என்ற உரித்து அதோடு போயிற்று. வேலைக்குப் போகவேண்டும் என்ற நிபந்தனை வந்தது. மத்திய அரசின் பணத்தில் ஒருவர் வாழ்நாளில் 60 மாதங்கள்தான் உதவி பெறலாம் என்று எல்லையும் போட்டார்கள். மாநிலங்களுக்கு வருடம் சுமார் 1650 கோடி டொலர் மொத்தமாகக் கொடுக்கப்பட்டது, விலைவாசிக்கேற்ப அது உயராது. உதவி பெறும் குடும்பங்களின் தொகை குறைந்தது உண்மை. 1994 இல் சுமார் 50 இலட்சம் குடும்பங்கள் இருந்த பட்டியல் 2000 இன் தொடக்கத்துக்குள் பாதிக்கும் கீழே போனது. ஆனால் அதே வருடங்களில் அங்கே பொருளாதாரம் கொழித்தது. வேலையின்மை 4 வீதத்துக்கு வந்தது. குறைந்த சம்பளக்காரருக்கான வரிச்சலுகையும் 1993 இலிருந்து பெரிதாக்கப்பட்டிருந்தது. குறைவில் எவ்வளவு சட்டத்தால், எவ்வளவு நல்ல காலத்தால் என்பதில் பொருளியலாளர்கள் இன்றைக்கும் ஒத்துப்போவதில்லை.

இதில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது, சீட்டுக்குலுக்கிப் பிரித்துப் பார்த்த ஆய்வுகள் சொன்னது மட்டும்தான். 7 இடங்களில் 11 வேலைவாய்ப்புத் திட்டங்களை எடுத்து, ஒரு பகுதியினரைத் திட்டத்தில் சேர்த்து, இன்னொரு பகுதியினரைச் சேர்க்காமல், ஐந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலான திட்டங்களில் வேலைக்குப் போனோர் கூடினார்கள், உழைப்பும் கூடியது, அரசு கொடுத்த உதவி குறைந்தது. ஆனால் குடும்பத்தின் மொத்த வருமானம் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது. ஒரு கையால் வந்தது மறுகையால் போயிற்று. கந்தோரின் பக்கமிருந்து பார்த்தால் வெற்றி, அடுப்படியிலிருந்து பார்த்தால் பெரிய மாற்றம் இல்லை. இரண்டும் ஒரே தரவுதான்.

இன்னொரு சங்கதி. 1998 இல் நியூயோர்க் நகரம் தன் உதவிக் கந்தோர்களை வேலை நிலையங்கள் என்று பெயர் மாற்றியது. முதல் நாள் வந்தவர்களுக்கு விண்ணப்பப் படிவமே கொடுக்காமல், நாளை வா என்று திருப்பி அனுப்பினார்கள். வழக்குப் போடப்பட்டது, 1999 தொடக்கத்தில் மத்திய நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலையிட்டு உத்தரவிட்டார். திருப்பி அனுப்பப்பட்டவர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் நிராகரிக்கப்பட்டவரும் அல்ல, ஏனென்றால் விண்ணப்பமே இல்லை. கந்தோரின் கணக்கைக் கேட்டு வாங்கி ஆய்வு செய்பவருக்கு அவர் பிறக்காத பிள்ளை மாதிரி. மைக்கேல் லிப்ஸ்கி என்ற அரசியல் அறிஞர் 1980 இல் சொன்னது இதோடு ஒட்டிப்போகிறது: வர்த்தமானியில் இருப்பது கொள்கை அல்ல, மேசையில் இருக்கும் உத்தியோகத்தர் நேரமும் வளமும் போதாமல் தினமும் எடுக்கும் முடிவுகளின் கூட்டுத்தொகைதான் மக்களுக்குக் கிடைக்கும் கொள்கை. கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் சிலர் மேசைக்குப் பக்கத்தில் இருந்து உரையாடல்களைக் கேட்டுப் பார்த்தபோது, சீர்திருத்தத்தின் புதிய செய்தி அங்கே அதிகம் பேசப்படவே இல்லை. பழையபடி படிவம் நிரப்பும் வேலைதான் நடந்துகொண்டிருந்தது.

இனி ஊருக்கு வருவோம். நம்மிடம் சீர்திருத்தம் புதிது அல்ல. 1942 இல் போர்க்காலப் பங்கீடாக வந்த கூப்பன் அரிசி எல்லோருக்கும் இருந்தது. அதன் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கப் போய்த்தான் 1953 ஹர்த்தால் என்ற கடையடைப்புப் போராட்டமும் பிரதமர் டட்லி சேனநாயக்கவின் பதவி விலகலும் வந்தன. 1979 இல் அதை எடுத்துவிட்டு, மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு உணவு முத்திரை கொடுத்தார்கள். முத்திரையில் அச்சடித்த தொகை அப்படியே நிற்க விலைவாசி ஓடியது. யாரும் வெட்டாமலேயே வெட்டு விழுந்தது. மேலே சொன்ன அமெரிக்க மொத்தத் தொகைக்கும் அதே கதிதான். பிறகு 1989 இல் ஜனசவிய, 1995 இல் சமுர்த்தி என்று வறுமை ஒழிப்புத் திட்டங்கள் வந்தன. இவற்றுக்கெல்லாம் பக்கத்தில், ஊரில் பிச்சைச்சம்பளம் என்று சொல்லும் பொதுசன மாதாந்த உதவிப்பணம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பேரை ஒழிக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. படிவத்தில் என்ன எழுதினாலும் வாங்கில் இருக்கும் ஆச்சி அதைப் பிச்சைச்சம்பளம் என்றுதான் சொல்லுவா.

சமுர்த்தி சரியாகக் குறிவைக்கவில்லை என்பதில் அதிகம் சந்தேகம் இல்லை. மிக வறிய ஐந்திலொரு பங்குக் குடும்பங்களில் 40 வீதத்துக்குக் கிட்டச் சமுர்த்தி எட்டவில்லை என்று 2000 இல் உலக வங்கிக்காகச் செய்யப்பட்ட ஆய்வு காட்டியது. ஆனால் யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். 1990/91, 1995/96, 2002 வீட்டு வருமான செலவினக் கணக்கெடுப்புகள் வடக்கைச் சேர்க்காமல் நடந்தவை. நாடு முழுக்க இருபது வருடமாக இப்படி என்று யாராவது வரைபு கீறிக் காட்டினால், அதில் நாம் எங்கே இருக்கிறோம் என்று முதலில் கேளுங்கள்.

அஸ்வெசும 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் வந்தது. சட்டம் இருபது வருடம் இறாக்கையில் கிடந்து, 2022 நெருக்கடியும் சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளும் சேர்ந்துதான் அதை எழுப்பின. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு பக்கங்களில் 22 குறிகாட்டிகள். வீடு வீடாகப் போய்த் தரவு எடுத்து, புள்ளி கொழும்பில் கணிக்கப்பட்டது. 2023 யூலை மாதத்திலிருந்து கொடுப்பனவு: மிகவும் வறியவர் 4 இலட்சம் குடும்பங்களுக்கு 15,000 ரூபா, வறியவர் 8 இலட்சத்துக்கு 8,500, மற்ற இரண்டு பிரிவுகளில் தலா 4 இலட்சத்துக்கு 5,000, 2,500. 2025 தொடக்கத்திலிருந்து முதலிரண்டும் 17,500, 10,000 ஆகின. சமுர்த்தி காலத்து ஆகக்கூடிய தொகையோடு ஒப்பிட்டால், முதலிரண்டு பிரிவுகளில் கிடைத்தவருக்கு நல்ல உயர்வு. இதில் தயங்கத் தேவையில்லை.

ஆனால் அந்தக் கடைசி இரண்டு பிரிவுகளும் முடிவுத் திகதி போட்டே தொடங்கப்பட்டவை, பிறகு தவணை தவணையாக நீட்டப்பட்டவை. ஆகவே உங்கள் பிரதேசத்தில் ஒரு வருடம் பயனாளிகள் தொகை குறைந்தால், அது வறுமை குறைந்ததாலா, திகதி முடிந்ததாலா, வங்கிக் கணக்கு திறக்க முடியாததாலா, மேன்முறையீடு தேங்கியதாலா என்று பட்டியல் சொல்லாது. 2023 இல் முதல் பட்டியல் வந்த கையோடு நாடு முழுக்கப் பத்து இலட்சத்தை அண்டிய மேன்முறையீடுகள் குவிந்தன. சமுர்த்தி உத்தியோகத்தர் சங்கங்களும் கிராம அலுவலர் சங்கங்களும் வெவ்வேறு கட்டங்களில் இந்த வேலையிலிருந்து விலகியும் நின்றன. எந்த ஊரில் யார் தரவு எடுத்தார், அவருக்கு அந்த ஊர் தெரியுமா என்பதெல்லாம் புள்ளிக்குள் போயிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் புள்ளி எங்கே சறுக்கும் என்று எனக்குப் படுவதைச் சொல்கிறேன். இது என் அனுபவம், நிறுவப்பட்ட முடிவு அல்ல. போருக்குப் பிறகு வீட்டுத்திட்டங்களில் கல்வீடு கிடைத்த குடும்பங்கள் பல. சீமெந்துத் தரை, ஓட்டுக்கூரை, இரண்டு அறை. திட்டப்பணம் போதாமல் கடன் பட்டுக் கட்டி முடித்த வீடு அது, உள்ளே போனால் ஒரு கதிரை இருக்காது. வீட்டின் நிலை என்ற பக்கத்தில் அவர்களுடைய வறுமை வெளியே தெரியாது. மறுபக்கம், கனடாவிலிருந்து மகன் மாதாமாதம் அனுப்புகிற வீட்டில் பழைய ஓட்டுவீடும் குறைந்த கரண்ட் பில்லும் இருக்கலாம். அந்தக் காசு எந்தப் படிவத்திலும் விழாது. கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண், குடும்ப நிலை என்ற கட்டத்தில் எதை எழுதுவது? மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாது. 2016 இலிருந்து காணாமை சான்றிதழ் எடுக்கலாம் என்றாலும் அதையும் எல்லோரும் எடுக்கவில்லை. ஒருமுறை ஒரு கந்தோரில் இளம் உத்தியோகத்தர் ஒருவர் அப்படி ஒரு பெண்ணிடம் “விதவையா, இல்லையா, ஒன்றைச் சொல்லுங்கோ அக்கா” என்று கேட்டுக்கொண்டு பேனையோடு காத்திருந்தார். அவர் கெட்டவர் அல்ல, கட்டம் அப்படி. அந்த அக்கா படிவத்தை மடித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டா. பட்டியலில் இல்லாமல் போவது இப்படியும் நடக்கும்.

அப்படியென்றால் புள்ளி போடாமல் ஊரிலேயே ஆளைத் தெரிவுசெய்த பழைய முறை நல்லதா என்று கேட்பீர்கள். இந்தோனேசியாவில் 640 குக்கிராமங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில இடங்களில் சொத்துக்களை எண்ணிப் புள்ளி, சில இடங்களில் ஊர்க்கூட்டம் கூடி வறியவரை வரிசைப்படுத்தியது, சில இடங்களில் இரண்டும் கலந்தது. செலவு குறைந்த குடும்பங்களைக் கண்டுபிடிப்பதில் புள்ளிமுறை கொஞ்சம் மேல். ஆனால் ஊரார் வரிசைப்படுத்திய இடங்களில் மக்களுக்குத் திருப்தி அதிகம். ஊராருக்கு வறுமை என்றால் செலவு மட்டும் அல்ல, உழைக்க ஆளில்லாத வீடு, விதவையின் வீடு எல்லாம் அதற்குள் வந்தன. பெரியமனிதர் தங்கள் சொந்தக்காரரைச் செருகியதற்குப் பெரிய சான்று கிடைக்கவில்லை. இதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர நான் தயங்குவேன். சாதியும் கட்சியும் சங்கமும் கலந்த நம் ஊர்க்கூட்டத்தில் யாருடைய குரல் கேட்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு விஷயம் மாறித்தான் இருக்கிறது. முன்பு பேர் வராவிட்டால் சமுர்த்தி உத்தியோகத்தரோடு சண்டை பிடிக்கலாம். பிடித்தார்கள், சில வேளை நியாயமும் கிடைத்தது, சில வேளை அநியாயமும் நடந்தது. இப்போது மேசையில் இருப்பவர் “சிஸ்டம் போட்டது” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. கந்தோரில் முடிவெடுக்கும் அதிகாரம் குறைந்து, எடுத்த முடிவுக்குச் சமாதானம் சொல்லும் வேலை கூடிவிட்டது. உங்கள் ஆய்வின் சாறு இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கணக்கும் வேண்டும், அதை எப்படிப் பார்ப்பது என்று ஒரு கற்பனை உதாரணம். ஒரு கிராம அலுவலர் பிரிவில் 200 குடும்பங்கள், அதில் உண்மையில் வறியவை 60. பட்டியலில் 70 பேர், அவர்களில் வறியவர் 40. விடுபட்ட வறியவர் 60 இல் 20, அதாவது மூன்றில் ஒன்று. தகுதியில்லாமல் வாங்குபவர் 70 இல் 30, நூற்றுக்கு 43. அடுத்த வருடம் பட்டியல் 50 ஆகக் குறைகிறது என்று வையுங்கள். வெளியே போன 20 பேரும் தகுதியில்லாதவர்களா, வறியவர்களா என்பதைப் பொறுத்து அதே 50 நல்ல செய்தியாகவும் இருக்கலாம், கொடுமையாகவும் இருக்கலாம். 50 என்ற எண் இரண்டையும் ஒரே முகத்தோடு சொல்லும். விடுபட்டவரை அறியப் பட்டியலுக்கு வெளியே போகவேண்டும். அந்த 200 குடும்பங்களிலிருந்தும் சீட்டுப்போட்டு எடுங்கள், பயனாளிகளிடம் மட்டும் போகாதீர்கள். மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் உண்டு, நீங்கள் இரண்டை எடுத்தால் போதும். ஒன்று கடற்கரைப் பக்கம், ஒன்று தோட்டக்காணிப் பக்கம். வெளியிணைப்பு இயந்திரம் வைத்த படகு சொத்தா கடனா என்ற வாக்குவாதம் கடற்கரையில்தான் கிடைக்கும்.

2022 ஐயும் 2024 ஐயும் ஒப்பிட்டு, வாழ்க்கை முன்னேறியது, ஆகவே அஸ்வெசும வேலை செய்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு விலை ஏற்றம் தணிந்தது, மண்ணெண்ணெய் வரிசை மறைந்தது, வெளிநாட்டுக்காசு திரும்ப வங்கிவழி வரத் தொடங்கியது. படுகுழியிலிருந்து அளந்தால் எல்லாமே ஏற்றம்தான். அமெரிக்காவின் தொண்ணூறுகளில் நடந்த குழப்பம் இதுவேதான். ஒரு மாணவியின் ஆய்வால் இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது, அவிழ்க்கத் தேவையும் இல்லை. கந்தோருக்கும் வீட்டுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை நேராகப் பார்த்து எழுதினால் போதும்: எத்தனை தரம் வந்தார், பஸ் காசு எவ்வளவு, எந்தக் கூலிவேலை நாளை விட்டுவிட்டு வந்தார், மறுத்ததற்கு எழுத்தில் காரணம் கிடைத்ததா. ஒரே செயலகத்துக்குள் கிராம அலுவலர், சமுர்த்தி உத்தியோகத்தர், சமூக சேவை, மகளிர் அபிவிருத்தி, சிறுவர் உரிமை, உளவளத்துணை என்று ஆளுக்கொரு மேசை. சிலர் மத்திய அரசின் ஆட்கள், சிலர் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தால் மாகாணத்துக்கு வந்த திணைக்களத்தின் ஆட்கள். ஒரே அம்மா எத்தனை மேசைக்கு ஒரே கதையைச் சொல்கிறா என்று எண்ணிப் பாருங்கள். இதை எண்ணியவர்கள் குறைவு.

களத்தில் ஒரு தொல்லை வரும். இந்த மண்ணில் படிவத்தோடு வந்தவர்கள் எல்லோரும் ஏதோ கொடுக்க வந்தவர்கள். இடப்பெயர்வு நிவாரணம், வீட்டுத்திட்டம், தொண்டு நிறுவனம், எல்லாமே பதிவில்தான் தொடங்கின. ஆகவே உங்களைக் கண்டதும் கோழிகள் குறையும், வெளிநாட்டு மகன் பேசாமல் போய்விட்டதாகக் கதை வரும். அதைப் பொய் என்று நினைக்காதீர்கள், அது அனுபவம். மாத வருமானம் எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, போன கிழமை என்ன சமைத்தீர்கள், எந்த நகை அடைவில் இருக்கிறது, அது எப்போது மீளும் என்று கதையோடு கதையாகக் கேட்டால் கணக்குத் தானாக வரும். உங்களால் பட்டியலில் பேர் சேர்க்க முடியாது என்பதை முதலிலும் முடிவிலும் சொல்லுங்கள். முதலில் சொன்னது எல்லோருக்கும் மறந்துபோகும். பிரதேச செயலாளரின் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள், ஆனால் வீடுகளுக்குக் கிராம அலுவலரோடு சேர்ந்து போகாதீர்கள். அவர் முற்றத்தில் நின்றால் வரும் பதில் வேறு.

பயனாளிகள் தரவு கேட்டுக் காத்திருக்கும் நாட்களில் செயலக வாங்கில் காலை எட்டரையிலிருந்து இருங்கள், கேள்வித்தாள் வேண்டாம். அங்கே வரும் அநேகமானோர் கையில் ஒரு சொப்பிங் பை இருக்கும். 1995 இடப்பெயர்விலிருந்து ஊர்ச்சனம் பழகியது அது: பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, நிவாரணக் காட், வங்கிப் புத்தகம், இப்போது அஸ்வெசும மேன்முறையீட்டுத் துண்டு எல்லாம் அதற்குள். சம்மதித்தால் அந்தப் பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எந்தத் திகதியில் விண்ணப்பித்தார், எப்போது பதில் வந்தது, எது வரவே இல்லை என்பது கந்தோர்க் கோவையில் இருப்பதைவிட ஒழுங்காக அதற்குள் அடுக்கியிருக்கும். படம் எடுத்தால் அடையாள அட்டை இலக்கத்தை விரலால் மறைத்து எடுங்கள்.